கையில் இருப்பதை மருந்தாகப் பயன்படுத்துவது எப்படி: தண்ணீர், உப்பு, தேன், கிராம்பு, எண்ணெய்

தீப்பொள்ளலுக்கு ஆயின்மென்ட் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணீரில் எவ்வளவு நேரம் பிடித்தீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் வரும் பதில், "ஒரு செம்பு ஊத்தினோம் அண்ணா, அப்புறம் பேஸ்ட் தேய்ச்சாச்சு." தக்கலைப் பக்கம் மருந்துக்கடையில் நிற்கும் எனக்குப் பழகிப்போன பதில் இது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது. அந்த வீட்டில் குழாயும் கிணறும் இருந்திருக்கின்றன, சரியான மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்திருக்கிறது, அதை எவ்வளவு நேரம் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கைமருந்துக்குப் பஞ்சமே கிடையாது. கடற்கரைக்கு ஒன்று, மலையோரத்துக்கு ஒன்று, ஆசான் சொன்னது ஒன்று, பாட்டி சொன்னது ஒன்று. இவற்றில் பல உண்மையிலேயே நல்லவை, ஆஸ்பத்திரியில் செய்வதும் அதேதான். சில கெடுதல். நல்லதும்கூட அளவு, சூடு, நேரம் மூன்றும் தப்பினால் கெடுதலாகிவிடும். அதனால் எந்தப் பொருளை எதற்கு, எப்படி, எவ்வளவு நேரம் பயன்படுத்துவது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டு வண்டி பிடிப்பது என்று எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

தண்ணீர்

பொள்ளலுக்கு முதல் மருந்து ஓடும் தண்ணீர். 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் வலியில் துடிக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மூன்று நிமிடமே அரை மணி நேரம் மாதிரி தோன்றும். தோலின் மேல் சூடு அடங்கினாலும் உள்ளே சதை இன்னும் வெந்துகொண்டிருக்கும், அதை நிறுத்தத்தான் இவ்வளவு நேரம். சட்டென்று செய்ய முடியாமல் போனாலும் பொள்ளல் பட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு, "நேரம் போயிற்றே" என்று விட்டுவிட வேண்டாம். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் போதும். ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கி புண்ணை ஆழமாக்கும். வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். கைக்குழந்தை என்றால் பொள்ளிய இடத்தை மட்டும் நனைத்து மற்ற உடம்பை துணியால் மூடி வையுங்கள், குழந்தைக்கு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

அக்கானி (பதநீர்) காய்ச்சுகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். கருப்பட்டிப் பாகு கொதிக்கிற தண்ணீரைவிடச் சூடானது, தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது, தோலும் சேர்ந்து வரும். அப்படியே தண்ணீருக்குள் பிடியுங்கள், பாகு தானாகக் கரையும்.

அப்புறம் என்ன பூசுவது? ஆஸ்பத்திரிக்குப் போகிற பொள்ளல் என்றால் ஒன்றும் பூச வேண்டாம். பேஸ்ட், இங்க், முட்டை வெள்ளை, மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவுமே வேண்டாம், பொள்ளலுக்கென்று விற்கும் வெள்ளை வெள்ளிக் களிம்பு கூட வேண்டாம், ஏனென்றால் அது படிந்துவிட்டால் புண் எவ்வளவு ஆழம் என்று டாக்டரால் பார்க்க முடியாது. சுத்தமான ஈரத்துணியோ, சாப்பாட்டை மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளோ லேசாக மேலே போட்டுக் கொண்டு போங்கள். யாரெல்லாம் போக வேண்டும் என்றால், பொள்ளல் பட்டவரின் உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து எவ்வளவு இருக்குமோ அதைவிடப் பெரிய பொள்ளல் உள்ளவர்கள், முகம், கை, மூட்டு, மறைவிடம் பட்டவர்கள், கரண்டால் சுட்டவர்கள், சிறு பிள்ளைகள், வயதானவர்கள். அதைவிடச் சின்னது, சிவந்து எரிகிறது, அவ்வளவுதான் என்றால் தண்ணீருக்குப் பிறகு கற்றாழைக் கூழ் தடவிக்கொள்ளலாம்.

அடுத்தது கண். ரப்பர் ஷீட் அடிக்கிற இடங்களில் பாலை உறையவைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள், அது தெறிக்கும். ஆனால் அதைவிடப் பயப்பட வேண்டியது வெற்றிலைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு நிரம்பிய சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தைப் பிள்ளை கையில் வைத்துப் பிதுக்கும், பீய்ச்சி நேராகக் கண்ணில் அடிக்கும். ஆசிட் பட்டால் அது சதையை உறையவைத்து அங்கேயே ஓரளவு நின்றுபோகும், சுண்ணாம்பு போன்ற காரம் (ஆசிட்டுக்கு நேரெதிரான அல்கலி) நிற்காமல் உள்ளே உள்ளே இறங்கும், பார்வையே போய்விடலாம். இதற்கு உலகத்திலேயே ஒரே முதலுதவி தண்ணீர்தான், அதுவும் அந்த நொடியே. பிள்ளையைப் படுக்கவைத்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் வருமாறு தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் வழிய விட்டுக்கொண்டே இருங்கள். ஆசிட்டுக்கு 20 நிமிடமாவது, சுண்ணாம்புக்கு அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இமைக்குள் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருந்தால் ஈரத்துணி நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். தாய்ப்பால், நெய், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விடாதீர்கள். ஊற்றி முடித்ததும் நேராகக் கண் ஆஸ்பத்திரி, அடுத்த நாள் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை.

நாய் கடித்தாலும் தண்ணீர்தான், சோப்போடு. ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் நுரைக்க நுரைக்கக் கழுவினால் வெறிநோய்க் கிருமியில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மிளகாய்த்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். கழுவிவிட்டு அன்றே ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்கள் என்று போடுவார்கள், இலவசம். ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், அவர்கள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. நாய் நல்லாத்தான் இருக்கிறது, பத்து நாள் பார்த்துவிட்டுப் போடலாம் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம், ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைப் பாருங்கள்.

அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்கிற அக்காமார் கையைப் பார்த்திருப்பீர்கள். கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெய் தண்ணீரோடு சேராது, அதனால் வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, தோலை அரித்துப் புண்ணாக்கும். வேலைக்கு முன்னால் கையில் எண்ணெய் நன்றாகத் தடவிக்கொண்டு, முடிந்தால் கையுறையும் போட்டு, முடித்ததும் சோப்பால் இரண்டு மூன்று தடவை கழுவுவது நல்லது. அந்தக் கையோடு முகத்தைத் தொட வேண்டாம்.

சுடுதண்ணீர், கடற்கரைக்காரர்களுக்கு

குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று எந்தக் கடற்கரையில் கேட்டாலும் திருக்கை குத்தியவரோ கெளுத்தி முள் ஏறியவரோ ஒருவர் இருப்பார். அந்த வலி சாதாரண வலி இல்லை, பெரிய ஆம்பிளைகளே கதறிவிடுவார்கள். இதற்கு மருத்துவப் புத்தகங்கள் சொல்லும் முதல் சிகிச்சை சுடுதண்ணீர். மீன் விஷம் ஒரு வகைப் புரதம், சூட்டில் அது கெட்டுப்போகும், சூடு வலியையும் அமுக்கும்.

செய்வது இப்படி. முதலில் காயத்தைக் கழுவி, வெளியே தெரிகிற முள் துண்டை எடுத்துவிட்டு, குத்திய கையையோ காலையோ கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் முக்கி வையுங்கள். 40 முதல் 45 டிகிரி செல்சியஸ், அதற்கு மேல் போகக் கூடாது. தெர்மாமீட்டர் யார் வீட்டிலும் அந்த நேரத்துக்குக் கிடைக்காது, அதனால் குத்துப்படாத கையாலோ கூட இருப்பவர் கையாலோ சூட்டைப் பார்க்க வேண்டும், குத்துப்பட்ட இடம் மரத்துப்போயிருக்கும், அதற்குச் சூடு தெரியாது, வெந்துபோன பிறகுதான் தெரியும். அரை மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை, ஆற ஆறச் சுடுதண்ணீர் சேர்த்து, ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் காலை வெளியே எடுத்துவிட்டுச் சேர்த்து, வலி தணியும்வரை வையுங்கள். வள்ளத்தில் வசதி இல்லையென்றால் கரைக்கு வந்ததும் செய்யலாம், அப்போதும் வலி குறையும்.

வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போய்விடுவதில்தான் பலருக்குக் காரியம் கெடுகிறது. திருக்கை முள்ளில் அரம் மாதிரி பற்கள் இருக்கும், ஒடிந்த துண்டு உள்ளே தங்கி வாரக்கணக்கில் சீழ் வைக்கும். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுங்கள், டெட்டனஸ் ஊசி போடுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தி முள் அப்படியே நின்றால் தொடவே கூடாது, பிடுங்கினால் ரத்தம் நிற்காது, முள்ளோடேயே ஆஸ்பத்திரி.

சொறி பட்டாலும் (ஜெல்லி மீனைத்தான் சொல்கிறேன்) சுடுதண்ணீர் உதவும், ஆனால் முதல் கழுவல் கடல் தண்ணீரில் இருக்கட்டும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணலால் தேய்த்தாலும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடித்து விஷம் கூடும். இழைகளைக் குச்சியாலோ இடுக்கியாலோ எடுத்துவிட்டு, அப்புறம் சூடு. மூச்சு முட்டல், நெஞ்சுப் படபடப்பு, முகவீக்கம் வந்தால் உடனே 108.

உப்பும் சர்க்கரையும்

1971-இல் வங்கதேசப் போர் நேரத்தில், மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, குளுக்கோஸ் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலானாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி வாய்வழியாகவே குடிக்கக் கொடுத்தார். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4-க்கும் கீழே இறங்கியது. இன்று நாம் அலட்சியத்தோடு பார்க்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு பெரிய காரியம். குடலின் சுவரில் உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும் வாசல் ஒன்று உண்டு, அவை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வயிற்றுப்போக்கு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கும். ஆனால் இரண்டும் சரியான அளவில் இருந்தால்தான் வேலை செய்யும், சர்க்கரை கூடினால் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து பேதியைக் கூட்டிவிடும்.

அதனால்தான் பொட்டலத்தை அரை டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆறாது. பெரிய பொட்டலம், 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு. சின்ன பொட்டலம் 200 மில்லிக்கு. முழுப் பொட்டலம், முழு அளவு தண்ணீர், கொதித்து ஆறியது. கலக்கிய பிறகு காய்ச்சக் கூடாது, 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் நல்லதுதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, கூடுதலாகக் கொடுக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். அக்கானி, சோடா, டப்பா ஜூஸ் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் பானங்கள் வெகுகாலம் விற்றன, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களுக்குப் போடக் கூடாது என்று உத்தரவு போட்டது. இப்போதும் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுமுறை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு கொடுப்பது? இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை பேதியானதும் 50 முதல் 100 மில்லி, பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் குடிக்கிற அளவு. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சோற்றையும் நிறுத்தாதீர்கள். பிள்ளைக்குத் துத்தநாக மாத்திரையும் 14 நாள் கொடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி நின்றதும் இதை நிறுத்திவிடுகிறார்கள், 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்த பேதிக்கும் தடுப்பு. பேதியை அடைக்கிற மாத்திரை பெரியவர்களுக்கு உள்ளது, பிள்ளைக்குக் கேட்டால் தர மாட்டேன். கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் மெதுவாகத் திரும்பி, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாமல், சோர்ந்து கிடந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

உப்பு இன்னொரு வேலையும் செய்யும், தொண்டை கரகரப்புக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் போட்டுக் கொப்பளிப்பது. அவ்வளவுதான் அதற்கு.

தேன்

மார்த்தாண்டம் என்றால் தேன். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே தொடங்கிய கிராமப் புனரமைப்பு மையம் பெட்டியில் தேனீ வளர்ப்பதை ஊர் ஊராகப் பரப்பியது. ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்தில் தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்தே நம் தேனீக்கள் பெருமளவு தேன் எடுக்கின்றன, பூவிலிருந்து இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பிள்ளைகளின் ராத்திரி இருமலுக்குத் தேன் உண்மையாகவே வேலை செய்யும், பல இருமல் சிரப்புகளுக்குக் குறையாமல். படுப்பதற்கு அரை மணி நேரம் முன், இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு அரை டீஸ்பூன், ஆறிலிருந்து பதினொன்றுக்கு ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் இரண்டு. வெறுமனே நக்கினால் போதும், வேண்டுமானால் சுக்குக் கலந்துகொள்ளலாம்.

ஆனால் ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைச் சேனை என்று தொட்டு வைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு, பெரியவர்களின் ஆசி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், அதனால்தான் கெஞ்சிச் சொல்கிறேன், தேனை வைக்காதீர்கள். தேனில் போட்டுலிசம் கிருமியின் விதைகள் இருக்கலாம், பெரியவர் குடலில் அவை முளைக்காது, பச்சைக்குழந்தை குடலில் முளைத்து விஷம் சுரந்து, மலச்சிக்கல், பால் குடிக்க முடியாமை, தலை நிற்காமை, மூச்சுத் தளர்ச்சி என்று போகும். காய்ச்சினாலும் அந்த விதைகள் சாகாது. சர்க்கரை வியாதிக்காரர்களும் ஒன்றைக் கவனியுங்கள், தேன் இயற்கையானதுதான், ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டவும் செய்யும்.

ஆறாத புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் தேன் கட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டுத் தேனைப் புண்ணில் விடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பயன்படுத்துவது கிருமி நீக்கிய தேன். சர்க்கரைப் புண்ணில் வீட்டில் எதையும் பரிசோதிக்காதீர்கள், கால் போய்விடும்.

கிராம்பு, கற்பூரம், யூகலிப்டஸ்

மாறாமலைப் பக்கம் விளையும் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதில் உள்ள யூஜினால் என்ற எண்ணெய் நரம்பை மரக்கச் செய்யும். பல் டாக்டர்கள் குழியைத் தற்காலிகமாக அடைக்கும் கலவையில் துத்தநாக ஆக்சைடோடு சேர்ப்பதும் இதே யூஜினால்தான். ராத்திரி பல்வலி வந்தால் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய், இரண்டு மூன்று சொட்டு தேங்காயெண்ணெய், இரண்டையும் கலந்து சின்னப் பஞ்சில் தொட்டு பல் குழியில் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வெந்துபோகும். பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். எண்ணெய் இல்லையென்றால் முழுக் கிராம்பை வலிக்கிற பல்லின் பக்கம் அடக்கி மெதுவாகக் கடித்தாலும் போதும். சிறு பிள்ளைகளுக்கு எண்ணெய் வேண்டாம், விழுங்கினால் ஈரலைக் கெடுக்கும். இதெல்லாம் விடியும்வரைதான், பல் சொத்தையை கிராம்பு அடைக்காது. தாடை வீங்கி, காய்ச்சலோடு, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

கற்பூரத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. சளிக்குத் தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில், மூக்கில் தடவுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் ஏறும், வாய் வழியாகப் போனால் சிறு பிள்ளைக்கு அரை மணி நேரத்துக்குள்ளேயே வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த எதுவும் வேண்டாம், அதற்கு மேலும் மூக்கிலும் வாயிலும் வேண்டாம். யூகலிப்டஸ் எண்ணெயும் அப்படித்தான், ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் பிள்ளைக்கு உயிராபத்து, அலமாரியில் உயரத்தில் வையுங்கள். குழந்தை மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும், மலிவு, பால் கொடுக்கும் முன் இரண்டு சொட்டு, பயமில்லாதது.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு மட்டும். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி அசையாத மேசையில் வைத்து, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு பத்து நிமிடம் பிடியுங்கள். மடியில் வைத்துப் போர்வை மூடிக்கொள்வதும், பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொள்வதும்தான் தொடை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி.

காய்ச்சல் சிரப்பு

இது கைமருந்து இல்லை, ஆனால் எல்லா வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயும் இருப்பது, அதிகம் அளவு தப்புவதும் இதில்தான். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒன்று, 250 என்று ஒன்று, சொட்டு மருந்து ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் என்று இன்னொன்று. மூத்த பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலை இளையதுக்கு அதே மூடி அளவில் ஊற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்கு எடையில்தான், ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். 125 சிரப்பில் அது 6 மில்லி, 250-இல் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. பாட்டிலில் பேனாவால் பிள்ளையின் பெயரையும் மில்லியையும் எழுதி வைத்துவிடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கணக்குப் போட வேண்டாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பே வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

எண்ணெயும் கட்டும்

வர்மமும் அடிமுறை என்ற சண்டைக்கலையும் வளர்ந்த மண் இது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணிக் கற்றுக்கொடுத்த ஆசான்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சுளுக்கு, பழைய பிடிப்பு, மாவுக்கட்டு பிரித்த பிறகு மடங்காத மூட்டு, இவற்றுக்குத் தெரிந்த கை காயத்திருமேனித் தைலம் போட்டு நீவினால் எவ்வளவு சுகம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கைக்கு எனக்கு மரியாதை உண்டு. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, தெரியாத இடத்துக்குப் போவதைவிட அங்கே போகலாம்.

ஆனால் எப்போது நீவக் கூடாது என்பதை வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அடிபட்ட முதல் இரண்டு நாள் எண்ணெயும் வேண்டாம், சூடும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வைத்து எடுத்து, சில மணி நேரம் விட்டு மறுபடி, உயர்த்தி வைத்து ஓய்வு. சூடு ஒத்தடம் அதற்குப் பிறகு. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடமே வேண்டாம். எலும்பு முறிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய பிறகு விரல் நீலமாகவோ வெளுப்பாகவோ போனால், மரத்தால், விரலை அசைக்கும்போது தாங்க முடியாத வலி என்றால், கட்டை அந்த நிமிடமே அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உள்ளே வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்று அர்த்தம், சில மணி நேரத்தில் சதை செத்துவிடும், பிள்ளையின் கையை எடுக்க வேண்டி வரும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவ வேண்டாம், ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும். தலையில் அடிபட்டு வாந்தியெடுப்பவர், மயங்கியவர் யாராக இருந்தாலும் முதலில் ஸ்கேன் இருக்கிற இடம்.

நெஞ்சுவலியைத்தான் நம் ஊரில் வாயு என்று அதிகம் தள்ளிப்போடுகிறோம். வியர்த்துக் கொட்டி, இடது கைக்கோ தாடைக்கோ இழுக்கும் நெஞ்சு பாரத்துக்குச் சோடாவும் சுக்கும் கொடுத்து முதுகை நீவிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குடல் ரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். ஆள் விழுந்து மூச்சும் அசைவும் இல்லையென்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள்.

பாம்புக்கடி

ரப்பர் விளையில் விடியற்காலை பால்வெட்டப் போகிறவர்களுக்காக இது. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துக் குடிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, மோதிரம் கொலுசு கழற்றி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளின் விஷத்துக்காகச் செய்தது. ரப்பர் விளைச் சருகில் கிடக்கும், மூக்கு மேலே தூக்கினமாதிரி இருக்கும் சின்ன விரியனுக்கு அது வேலை செய்யாது, ஆனால் அந்தக் கடி சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், அதற்கு ஆஸ்பத்திரியில் கண்காணிப்பும் தேவைப்பட்டால் டயாலிசிஸும் உண்டு. அதனால் சின்னப் பாம்புதானே என்று இருந்துவிட வேண்டாம். பாம்பை அடித்துக்கொண்டு வரத் தேவையில்லை, முடிந்தால் தள்ளி நின்று போனில் ஒரு படம், அதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம். ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள், அதை மறுபடி மறுபடி செய்வார்கள், நல்லாயிருக்கிறதே என்று இடையில் எழுந்து வந்துவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓ.ஆர்.எஸ். நாலு பொட்டலம், துத்தநாக மாத்திரை, பிள்ளையின் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால், அதற்கான மில்லி அளவுள்ள சிரிஞ்சு, உப்புநீர்ச் சொட்டு, போவிடோன் அயோடின், சுத்தமான பஞ்சும் கட்டுத்துணியும், ஆஸ்பிரின் நாலு மாத்திரை, ஒரு தெர்மாமீட்டர், இவ்வளவு போதும். மூடியின் உள்பக்கம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி நம்பரை எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து தேதி முடிந்தவற்றை எடுத்துவிடுங்கள், பாதி குடித்த பழைய ஆன்டிபயாடிக் பாட்டில் இருந்தால் அதையும்.